கையில் பிறந்து கரவில் வீழ்ந்த சொல்

நம் நாட்டு இடைநிலைப் பள்ளியில் அறிவியல் பயிலும் மாணவன், சோதனை ஒன்றைத் தொடங்குமுன் மூவகை மாறிகளைக் குறித்துக்கொள்கிறான். அவற்றுள், தானே கருதி மாற்றிப் பார்க்கும் மாறிக்கு மலாய்மொழிப் பாடநூல் 'டிமனிப்புலாசிக்கான்' என்னும் அடைமொழியைத் தருகிறது. தமிழ்ப்பள்ளியில் அதனையே அவன் 'தற்சார்பு மாறி' என்று படித்திருப்பான். மாலையில் வீடு திரும்பிச் செய்தித்தாளைப் பிரித்தால், பங்குச் சந்தையில் 'மனிப்புலாசி' செய்ததாக யாரோ ஒருவர்மீது வழக்கு நடப்பதைக் காண்கிறான். காலையில் ஆசிரியர் செய்யச் சொன்னதை மாலையில் நீதிமன்றம் குற்றம் என்கிறது. சொல் ஒன்றுதான், ஆயினும் ஓரிடத்தில் அறிவின் கருவி, மற்றோரிடத்தில் வஞ்சத்தின் பெயர். இஃது எவ்வாறு நேர்ந்தது?

மலாய்மொழிக்கு இச்சொல்லைத் தந்தது மேனாட்டு வழக்கு. ஆங்கிலத்தில் அதன் வினைவடிவம் 'மேனிபுலேட்' என்பது. திறம்படக் கையாளுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அதனை ஆராயுங்கால் நம் தமிழ்ச்சொற்கள் சிலவற்றின் வாழ்வும் தாழ்வும் நமக்கு விளங்கும்.

ஒரு பிடி வைக்கோல்

இலத்தீன் மொழியில் 'மானுஸ்' என்றால் கை. நிரப்புதல் என்னும் பொருளுடைய மற்றொரு வேர் அதனுடன் சேர்ந்து 'மானிபுலுஸ்' என்றாயிற்று. கை நிறைய எடுத்தது, ஒரு பிடி, ஒரு கட்டு என்பன அதன் பொருள்கள். உழவன் அரிவாளால் அறுத்துக் கையில் பிடிக்கும் அரியை இது குறித்தது.

பழைய உரோமானியப் படையில் ஏறத்தாழ 120 வீரர் கொண்ட ஒரு பிரிவுக்கும் இதே பெயர் வழங்கிற்று. அக்காலத்து வீரர்கள் கோலின் நுனியில் ஒரு பிடி வைக்கோலைக் கட்டித் தம் கொடியாக ஏந்தினர் என்றும், அதனாலேயே படைப்பிரிவுக்கு அப்பெயர் வந்தது என்றும் கவிஞர் ஓவிட்டும் வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கும் கூறியுள்ளனர். கதை உண்மையோ அன்றோ, சொல்லின் தொடக்கத்தில் வஞ்சம் என்பதன் நிழல்கூட இல்லை. கையும், கையில் அடங்கிய பொருளும் மட்டுமே உள்ளன.

பின்னர், பிரெஞ்சு மருந்தாளர்கள் மூலிகைகளை அளக்கும் ஒரு பிடி அளவுக்கு இப்பெயரை வழங்கினர். அப்பெயரிலிருந்து, கையால் செய்யும் தொழில்முறையைக் குறிக்கும் 'மேனிபுலேஷன்' என்னும் பெயர்ச்சொல் கிளைத்தது.

சுரங்கமும் ஆய்வுக்கூடமும்

ஆங்கிலத்தில் இப்பெயர்ச்சொல் ஏறத்தாழ 1730இல் நுழைந்தது. அப்போது அது குறித்தது ஒரு சுரங்கத் தொழிலை. வெள்ளித் தாதுவை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் முறையே 'மேனிபுலேஷன்' எனப்பட்டது. வெளியுலகம் அறியாத தொழிற்சொல்லாகவே நெடுங்காலம் அது இருந்தது.

அதனைப் பலரும் அறியச் செய்தவர்களுள் தலைசிறந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாக 1791இல் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, 1813இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்து, உலகம் போற்றும் அறிஞராக உயர்ந்தவர் அவர். நம் தீபகற்பத்துக் காடுகளில் கிடைத்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் மின்காப்புக்கு மிக ஏற்றது என்பதை 1848இல் எடுத்துக்காட்டியவரும் அவரே.

பாரடே 1827இல் வெளியிட்ட பெரிய நூலின் பெயர் 'கெமிக்கல் மேனிபுலேஷன்' என்பது. அந்நூல் வேதியியல் கொள்கைகளை விளக்க எழுந்ததன்று. வேதியியல் மாணவனின் கைகளுக்குப் பயிற்சி தர எழுந்தது. தராசில் எவ்வாறு நிறுப்பது, நீர்மத்தை எவ்வாறு வடிப்பது, கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி எவ்வாறு வளைப்பது, கலங்களை எவ்வாறு தூய்மை செய்வது என்பன போன்றவையே அதன் பொருள். கொள்கை அறிந்தவனாயினும் கை பழகாதவன் நல்ல சோதனை செய்ய இயலாது என்பது பாரடேயின் துணிபு. கொல்லர் மகனுக்குக் கையின் அருமை தெரியாதா?

'மேனிபுலேட்' என்னும் வினைச்சொல் ஆங்கில எழுத்தில் காணப்படத் தொடங்குவதும் ஏறத்தாழ இதே ஆண்டில்தான். பெயர்ச்சொல் முன்னே பிறந்து, நூறாண்டு கழித்து அதிலிருந்து வினைச்சொல் பிறந்தது. ஆக, இவ்வினைச்சொல் தோன்றியபொழுது அது ஒரு பாராட்டு. ஒருவனைப் பார்த்து 'நன்கு மேனிபுலேட் செய்கிறான்' என்று சொன்னால், அவன் கை தேர்ந்தவன், பொறுமையுள்ளவன், பொருளின் இயல்பறிந்தவன் என்பது கருத்து.

பொருளிலிருந்து மனத்திற்கு

கண்ணாடியைப் பற்றிய சொல் மனிதனைப் பற்றியது எப்படி? இடையில் ஒரு பாலம் இருந்தது. அதுவும் கையால் கட்டப்பட்ட பாலமே.

மெஸ்மர் என்னும் மருத்துவர் 1778இல் பாரிசு நகருக்கு வந்தார். மனித உடலில் ஒருவகைக் காந்த ஆற்றல் ஓடுகிறது என்றும், தம் கைகளை நோயாளியின் உடல்மீது தடவியும் வீசியும் அதனை நெறிப்படுத்தி நோய் தீர்க்கலாம் என்றும் கூறினார். மக்கள் திரண்டனர். அவருடைய வழிவந்தவர்கள் செய்த இக்கைவீச்சுகளை அக்காலத்து எழுத்தாளர் பலர் 'மேனிபுலேஷன்' என்றே குறித்தனர்.

பிரெஞ்சு மன்னர் 1784இல் ஒரு குழுவை அமைத்து இதனை ஆராயச் செய்தார். அமெரிக்க அறிஞர் பிராங்கிளினும் வேதியியல் அறிஞர் லவாசியேவும் அக்குழுவில் இருந்தனர். காந்தச் செயல் நடப்பதாக நம்பியவர்களுக்கு, உண்மையில் அது நடவாதபோதும் உடல் நடுங்கியது. அறியாமல் இருந்தவர்களுக்கு, அது நடந்தபோதும் ஒன்றும் நேரவில்லை. எனவே, நோயாளியை அசைத்தது மெஸ்மரின் கையன்று, நோயாளியின் கற்பனையே என்று குழு முடிவு கூறியது.

இம்முடிவு சொல்லின் வரலாற்றுக்கும் விளக்கம் தருகிறது. கை அசைகிறது, ஆனால் வேலை நடப்பது மனத்தில். கையைக் குறித்த சொல் இங்கே மனத்தின் வாயிற்படியை மிதித்துவிட்டது. பெயர்ச்சொல் 1828 அளவிலேயே மனிதரை நடத்தும் திறத்துக்கும் ஆளப்பட்டது. ஒருவருடைய எண்ணத்தைத் தன் விருப்பப்படி திருப்புதல் என்னும் பொருளில் வினைச்சொல் வழங்குவதை 1864 அளவில் காண்கிறோம். கணக்கையும் விலையையும் திரித்தல் என்னும் பொருள் 1870 அளவில் வந்து சேர்ந்தது. பாரடே 1867இல் மறைந்தார். அவர் நூலின் தலைப்பில் பெருமையுடன் நின்ற சொல், அவர் வாழ்நாளிலேயே சரியத் தொடங்கிவிட்டது.

எனினும் பழைய பொருள் முற்றும் அழியவில்லை. பாரடே மறைந்த அதே 1867இல், ஆங்கில அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பாகெட், நாட்டு எலும்பு வைத்தியர்கள் குணப்படுத்தும் நோய்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவர்களுடைய முறைகளில் நல்லவற்றை மருத்துவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், தீயவற்றை விலக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். மூட்டைப் பிடித்துத் திருப்பிச் சரிசெய்யும் அம்முறைக்கு இன்றும் மருத்துவ உலகில் 'மேனிபுலேஷன்' என்பதே பெயர். அங்கே அஃது இழிசொல்லன்று.

சந்தையில் நுழைந்த கை

ஒரே சொல்லின் இருமுகத்தையும் ஒரே ஆண்டில் காண விரும்புவோர் 1981ஆம் ஆண்டை நோக்கலாம்.

அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் இரண்டாம் முறையாகப் பறந்தபோது, கனடா நாட்டார் செய்தளித்த ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள இயந்திரக் கை முதன்முதலாக விண்வெளியில் சோதிக்கப்பட்டது. அதன் முறையான பெயரிலேயே 'மேனிபுலேட்டர்' என்னும் சொல் இருந்தது. மனிதன் உள்ளே அமர்ந்து இயக்க, வெளியே அக்கை நீண்டு மடங்கி வேலை செய்தது. பாரடே கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதே 1981இல் இலண்டன் உலோகச் சந்தையில் மற்றொரு கை வேலை செய்தது. அது கண்ணுக்குத் தெரியாத கை. யாரோ ஒருவர் ஈயத்தை ஓயாமல் வாங்கிக் குவித்தார். விலை ஏறியது. வாங்குபவர் யார் என்பது வெளிப்படையாகத் தெரியவில்லை. 1982 பிப்ரவரியில் சந்தை நிருவாகம் விதிகளை மாற்றியது; விலை சரிந்தது. வாங்கிக் குவித்தது மாமின்கோ என்னும் நிறுவனம் என்பதையும், அதன் பின்னணியில் மலேசிய அரசாங்கம் இருந்தது என்பதையும் 1986இல் அந்நாளைய பிரதமர் மகாதீர் ஒப்புக்கொண்டார். நட்டம் பல நூறு மில்லியன் ரிங்கிட். இலண்டன் வணிகர்களே விலையை ஆட்டிவைத்து ஈயம் தோண்டும் நாடுகளை வஞ்சிக்கிறார்கள் என்பது நம் தரப்பின் குறையாக இருந்தது. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மறைந்து நின்ற கையை மறைந்து நின்றே வெல்ல முயன்றதன் முடிவு இதுவாயிற்று.

வெள்ளிச் சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும் தொழிலின் பெயராக ஆங்கிலத்தில் நுழைந்த சொல், இருநூற்றைம்பது ஆண்டு கழித்து நம் ஈய லம்பங்களின் விளைபொருளோடு பிணைந்தபோது, அதன் பொருள் எவ்வளவு மாறிவிட்டது! தோண்டியவனின் கையை அது குறிக்கவில்லை; தோண்டியதன் விலையைத் தொலைவிலிருந்து திருப்பியவனின் கையைக் குறித்தது.

இன்று சட்டமும் இப்பொருளையே எடுத்துக்கொண்டுள்ளது. மலேசியாவின் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டம் பங்கு விலையில் இவ்வாறு கைவைப்பதைக் குற்றமாக்குகிறது. சிங்கப்பூரில் 2019இல் நிறைவேறிய இணையப் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'மேனிபுலேஷன்' இடம்பெற்றுள்ளது. அதனை அந்நாட்டுத் தமிழ் வழக்கு 'சூழ்ச்சித்திறம்' என்று பெயர்த்துள்ளது. இத்தமிழாக்கம் நம் கருத்தைக் கவர்கிறது. ஏனெனில் சூழ்ச்சி என்னும் சொல்லும் இதே பாதையில் நடந்த சொல்லாகும்.

தமிழிலும் இதே கதை

உயர்ந்த பொருளில் வழங்கிய சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். மணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடையைக் குறிப்பதை எல்லாரும் அறிவர். ஆனால் திறமையைக் குறித்த சொற்கள் வஞ்சத்தைக் குறிக்க இறங்குவது தனியொரு கூட்டம். அதனை இங்கே காணலாம்.

சூழ்தல் என்பதற்கு ஆராய்தல், எண்ணுதல் என்று பொருள் உண்டு. திருக்குறளின் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்து முதற்குறளில் 'சூழ்ச்சி' என்பது நன்கு ஆராய்தல் என்னும் பொருளிலேயே வருகிறது. அரசனுக்கு அது வேண்டிய பண்பு. அவ்வாறிருந்த சொல் கம்பராமாயணப் பதிப்புகளில் எவ்வாறு நிற்கிறது? அயோத்தியா காண்டத்தின் முதற்படலம் மந்திரப் படலம். தயரதன் அமைச்சரோடு கலந்து எண்ணுவது. அடுத்தது மந்தரை சூழ்ச்சிப் படலம். இராமனுக்கு முடிசூட்டு என்றதும் மகிழ்ந்து கூனிக்கே பரிசளித்த கைகேயியின் உள்ளத்தை, அக்கூனி சிறிது சிறிதாகத் திருப்புகிறாள். முடிவில் கைகேயி, அது தன் சொந்த முடிவு என்றே எண்ணிச் செயலில் இறங்குகிறாள். மேனாட்டார் இன்று 'மேனிபுலேட்' என்று எதனைச் சொல்கிறார்களோ, அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

'தந்திரம்' என்பதும் அப்படியே. திருமூலர் தம் திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்று பெயர் பெற்றிருப்பது, நூல், நெறி என்னும் பொருளில்தான். இன்றோ 'தந்திரக்காரன்' என்று ஒருவனைச் சொன்னால் அவன் சண்டைக்கு வருவான். கையாளல் என்பது முறையாகப் பயன்படுத்துதல். அதில் ஓரெழுத்து மாறிக் கையாடல் என்றால் பிறர் பணத்தைத் தின்னுதல். ஒரு சங்கத்தின் பொருளாளர் பணத்தைக் கையாளலாம், கையாடலாகாது!

ஆங்கிலத்திலும் இக்கூட்டம் பெரிது. வலிமை, தொழில்திறம் என்னும் பொருளுடைய 'கிராஃப்ட்' என்பதிலிருந்து வந்த 'கிராஃப்டி' நரித்தனத்தைக் குறிக்கிறது. அறிதல் என்னும் வேரிலிருந்து பிறந்த 'கன்னிங்' என்பதற்கும் அதே கதி. அறிவும் திறமும் உடையவனைக் கண்டு உலகம் வியக்கவும் செய்கிறது, அஞ்சவும் செய்கிறது. அந்த அச்சத்தின் தழும்பே இச்சொற்களில் பதிந்துள்ளது எனலாம்.

வேறுபாடு எங்கே?

அப்படியானால் திறமைக்கும் வஞ்சத்துக்கும் எல்லை எது? பொருளைக் கையாண்டால் திறமை, மனிதனைக் கையாண்டால் வஞ்சம் என்று சிலர் விடை கூறலாம். அது முழு விடையன்று. எலும்பு வைத்தியர் மனிதனைத்தானே கையாளுகிறார்? நல்லாசிரியர் பிடிவாதக் குழந்தையின் மனத்தைத் திருப்புவதில்லையா? அவர்களை நாம் வஞ்சகர் என்பதில்லை.

இவ்வினைச்சொல்லின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. எந்தக் கை மறைந்து நிற்கிறதோ, அங்கேதான் சொல் இழிந்தது. வைத்தியர், 'தோளைத் திருப்பப் போகிறேன், வலிக்கும்' என்று சொல்லிவிட்டுத் திருப்புகிறார். சொன்னதனால் அவருடைய திறமை குறைவதில்லை. மாணவன் தன் மாறியை எவ்வளவு மாற்றினான் என்பதை அறிக்கையில் எழுதுகிறான். எழுதாவிட்டால்தான் சோதனை பொய்யாகும். ஆனால் கூனி, 'உன் மனத்தைத் திருப்பவே இதைச் சொல்கிறேன்' என்று கைகேயியிடம் சொல்லியிருந்தால் அவள் வேலை அக்கணமே கெட்டிருக்கும். ஈயம் வாங்கியவர் தம் பெயரையும் நோக்கத்தையும் முதல்நாளே அறிவித்திருந்தால் அந்த விலை நின்றிராது. சொன்னாலும் நிற்பது திறமை. சொன்னால் கெடுவது சூழ்ச்சி. எல்லைக்கோடு இதுவே என்பது நம் கருத்து.

மொழிபெயர்ப்போர் கடமை

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடலாகாது. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் சிலர் 'மேனிபுலேட்' என்பதைக் கண்ட இடமெல்லாம் 'கையாளுதல்' என்று எழுதிவிடுகின்றனர். 'கணக்குகளைக் கையாண்டார்', 'சந்தையைக் கையாண்டனர்', 'வாக்காளர்களைக் கையாண்டனர்' என்று படிக்கும் வாசகர், ஏதோ நல்ல வேலை நடந்திருக்கிறது போலும் என்று எண்ணக்கூடும். குற்றத்துக்கு வெள்ளையடித்த பழி அங்கே மொழிபெயர்ப்பைச் சேரும். மறுபுறம், அறிவியல் பாடத்தில் வரும் இச்சொல்லைச் சூழ்ச்சி என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும்.

ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ் பல சொற்களால் பிரித்துச் சொல்லவல்லது. கருவியையும் பொருளையும் கையாளலாம். மருத்துவர் மூட்டைப் பிடித்துச் சீர்செய்கிறார். கணக்கையும் செய்தியையும் திரிக்கிறார்கள். விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்குகிறார்கள். மனிதரை ஆட்டிவைக்கிறார்கள். ஆட்டிவைத்தல் என்று சொல்லும்போதே, திரைக்குப் பின்னால் நூலைப் பிடித்திருக்கும் பொம்மலாட்டக்காரனின் கை நம் கண்முன் வந்து நிற்கிறது. மறைந்த கையைக் காட்டிக்கொடுக்கும் அத்தகைய சொல் நம்மிடம் இருக்க, குற்றவாளிக்குப் பாரடேயின் பட்டத்தைச் சூட்டுவானேன்?

இனி இவ்வினைச்சொல்லை எதிர்கொள்ளும்போது மாணவர்கள் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும். கை எதன்மீது இருக்கிறது என்பது முதலாவது. அக்கை வெளியே தெரிகிறதா என்பது இரண்டாவது. அவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், எந்தத் தமிழ்ச்சொல்லை எழுதவேண்டும் என்பதில் ஐயம் எழாது. செய்தியில் மட்டுமின்றி, நம்மிடம் இனிக்கப் பேசி வருவோரை அளக்கவும் அவ்வினாக்கள் உதவும்.